சேற்றில் சுழலும் சக்கரம்: டிராக்டரின் டிபரன்சியல் லாக்



போன ஐப்பசியில் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. அனுமதி வாங்கி வண்டல் அடித்துக் கொண்டிருந்த டிராக்டர் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. வலது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றுகிறது. இடது சக்கரமோ கெட்டித் தரையில் அசையாமல் நிற்கிறது. சுற்றி நின்ற பத்துப் பேரும் "இன்னும் ரேஸ் பண்ணு" என்கிறார்கள். ஒருவர் சக்கரத்தோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டி, கிளட்சை விட்டதும் டிராக்டரின் மூக்கு குதிரை மாதிரி மேலே எழும்பியது. ஓட்டியவர் சட்டென்று கிளட்சை மிதித்தார். பிழைத்தார்.

நான் போய்ப் பார்த்தேன். வலது குதிகால் படும் இடத்தில் ஒரு சின்னப் பெடல், மண் அப்பி, துருப்பிடித்துக் கிடந்தது. "இது எதுக்குன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். "கால் வச்சுக்கிற கட்டைன்னுல்ல சார் நெனச்சேன்!" என்றார். வண்டி வாங்கி ஆறு வருஷம்! தப்பு அவருடையது மட்டுமல்ல. பூச்சி மருந்தைப் பற்றி எத்தனையோ கூட்டம் போட்ட நான், இந்தப் பெடலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை இன்று சொல்கிறேன்.

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உள்சக்கரம் குறைவாக ஓடுகிறது. இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுவதால் தொல்லையில்லை. டிராக்டரிலோ இரண்டு பின்சக்கரங்களையும் என்ஜின்தான் சுழற்றுகிறது. சக்கரங்களுக்கு நடுவே 5 அடி இடைவெளி இருந்தால், வயல் ஓரத்தில் அரை வட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் ஏறக்குறைய பதினைந்தே முக்கால் அடி கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பின் அச்சின் நடுவில் டிபரன்சியல் என்ற பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது.

திரும்புவதற்கு உதவும் இதே டிபரன்சியல், சேற்றில் நம்மைக் கைவிட்டு விடும். எப்படி? அது இரண்டு பக்கமும் சரிசமமான இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கலில் இருந்தால் அதைச் சுழற்றக் கொஞ்சம் விசையே போதும். அந்தக் கொஞ்சம்தான் கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். என்ஜின் 45 குதிரைத்திறன் இருந்தாலும், சேற்றில் இருக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் வேலை நடக்கும். ரேஸ் பண்ணப் பண்ணக் குழிதான் ஆழமாகும்.

இங்கேதான் டிபரன்சியல் லாக் வருகிறது. பெடலை மிதித்தால் உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் சக்கரம் தன் முழுப் பிடிமானத்தோடு வண்டியை இழுக்கும்.

போடும் முறையைக் கவனியுங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் மிதிக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் மோதினால் உடையும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். முதலில் கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்துங்க. ஸ்டியரிங்கை நேராக வையுங்க. தாழ்ந்த கியரைப் போட்டு, லாக் பெடலை மிதித்தபடியே கிளட்சை மெதுவாக விடுங்க. ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகக் கொடுங்க. கெட்டித் தரைக்கு வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்க. லாக் விடுபடாவிட்டால் ஒருமுறை கிளட்சை மிதியுங்கள். பற்களின் மேல் உள்ள இறுக்கம் தளர்ந்து விடுபடும்.

உழவிலும் இது கைகொடுக்கும். கலப்பை உழவில் ஒரு சக்கரம் சாலுக்குள்ளும் மற்றது மேட்டிலும் ஓடும். மேட்டுச் சக்கரம் வழுக்கினால் லாக்கைப் போட்டு நேராக ஓட்டலாம். ஆனால் சால் முடிவில் திரும்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். லாக்கோடு திரும்பினால் டயர் தேயும், அச்சு முறியும், வண்டியும் சொன்ன பேச்சுக் கேட்காமல் நேராகவே போகும். தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும்போது ரோட்டில் லாக் போடவே கூடாது. ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட மறக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. இரண்டு சக்கரமுமே அச்சு வரை புதைந்துவிட்டால் லாக் உதவாது. சக்கரம் அசைய முடியாதபோது என்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத்தான் தூக்கும். ஓரிரு நொடியில் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும். அதனால் சக்கரத்தில் கட்டை கட்டாதீர்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னால் மண்ணை வெட்டி எடுத்து, ரிவர்ஸில் வர முயற்சி செய்யுங்கள். முடியாவிட்டால் வேறொரு டிராக்டரால் மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கிற டிராக்டரில் சங்கிலியைத் தாழ்வாக உள்ள டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால் அந்த டிராக்டரும் கவிழும். சங்கிலிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க விடாதீர்கள்.

ஜீப், பிக்கப் வைத்திருக்கும் சிலர் என்னிடம், "பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து சுத்துற மாதிரி டிபரன்சியலை வெல்டிங் வச்சுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். டிராக்டர் லாக்கைத் தேவைப்படும்போது போடலாம், எடுக்கலாம். வெல்டிங் வைத்ததை எடுக்க முடியாது. தார் ரோட்டு வளைவில் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். லாக் தேவையானால் அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டதை, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் பொருத்திக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டிராக்டரில் அந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மண்ணைச் சுரண்டி, கீலில் எண்ணெய் விட்டு, மிதித்தால் இறங்குகிறதா, விட்டால் ஏறுகிறதா என்று சோதியுங்கள். பின் அச்சில் எண்ணெய் அளவையும் பாருங்கள். வண்டி ஓட்டும் உங்கள் மகனுக்கும் டிரைவருக்கும் காட்டிக் கொடுங்கள். மழை வந்த பிறகு, சேற்றில் நின்றுகொண்டு படிக்கிற பாடம் அல்ல இது.