தட்டில் குறைவதும் தோலில் தெரிவதும்



தோல் நோயையும் உண்ணல் கோளாறுகளையும் பற்றிய இந்தக் கருத்தரங்கைப் பெரிய மருத்துவமனையின் அரங்கில் வைக்காமல் பெங்களூரு ஈஜிபுராவில் வைத்ததற்காக அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ், சர்ஜாபூர் சாலையில் செயின்ட் ஜான்ஸ். இரண்டு பெரிய மருத்துவமனைகளும் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கோரமங்கலாவின் வீடுகளில் பாத்திரம் துலக்கிக் கைகளில் கரப்பான் கண்ட பெண் ஒருநாள் தோல் பிரிவுக்குப் போகிறாள். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டதென்று இன்னொரு நாள் மனநலப் பிரிவுக்குப் போகிறாள். இரண்டு சீட்டும் அவள் பையில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. ஒன்றை எழுதியவர் மற்றதைப் படிப்பதில்லை.

உண்ணல் கோளாறுகள் மேல்நாட்டு வசதிக்காரர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 1873இல் பாரிஸில் லாசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும், உணவை மறுத்து மெலியும் அனோரெக்சியாவை விவரித்த நாளிலிருந்து வரும் எண்ணம் அது. ஆனால் நிம்ஹான்ஸின் பிரபா சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. பதிலளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் பார்த்திருந்தார்கள். ஆக, நோய் இங்கே இருக்கிறது. அது எந்த வேடத்தில் வருகிறது என்பதே கேள்வி.

நான் தோல் மருத்துவன். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பத்தியமாக வருகிறது.

சொரியாசிஸ் என்று தெரிந்த மறுநாளே வீட்டில் கத்திரிக்காய் நிற்கும். பிறகு கருவாடு, முட்டை, கோழி, புளி, பால், கடலை. பக்கத்து வீட்டு அக்கா ஒன்றைச் சேர்ப்பார், ஊரிலிருந்து வரும் சித்தி இன்னொன்றைச் சேர்ப்பார். அரிப்பு கூடினால் இன்னும் எதையோ விடவில்லை என்பார்கள். குறைந்தால் விட்டதனால்தான் குறைந்தது என்பார்கள். இரண்டு வழியிலும் பட்டியல் நீளத்தான் செய்யும். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணுக்குத் தன் தோல் தன் வசத்தில் இல்லை, தட்டாவது இருக்கட்டும் என்று தோன்றிவிடுகிறது. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், அதோடு பத்தியம். மெலிந்துகொண்டே போகிறவளை வீடு கவலையோடு பார்ப்பதற்குப் பதிலாக, கட்டுப்பாடான பெண் என்று மெச்சுகிறது. எடை கூடிவிடும் என்ற அச்சத்தை அவள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. வயிறு உப்புகிறது, உடம்பு சூடு என்கிறாள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ சுட்டிக்காட்டிய நோயாளிகளும் இப்படித்தான்: பருமனைப் பற்றிப் பேசாமல் வயிற்றைப் பற்றியே பேசினார்கள்.

நம் கையிலிருக்கும் கருவிகளைப் பாருங்கள். தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க ஃபின்லேயும் கானும் 1994இல் கார்டிஃபில் தந்த வினாத்தாளில் பத்துக் கேள்விகள். உடை, வேலை, விளையாட்டு, தாம்பத்தியம் எல்லாம் உண்டு. உணவைப் பற்றி ஒன்றும் இல்லை. உண்ணல் கோளாறைக் கண்டறிய 1999இல் லண்டனில் வந்த ஸ்காஃப் வினாத்தாளின் ஐந்து கேள்விகள் உணவையும் எடையையும் பற்றிக் கேட்கின்றன. பத்தியத்தையோ விரதத்தையோ கேட்கவில்லை. நம் நோயாளி இரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகிறாள்.

நழுவினால் என்ன ஆகும்? சொரியாசிஸுக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எழுதுகிறோம். புரதம் குறைந்து, ஆல்புமின் இறங்கிய உடம்பில் அந்த மருந்தின் நச்சு கூடும். தட்டைப் பற்றிக் கேட்காமல் இந்த மருந்தை எழுதுவது ஆபத்து. இதை என் துறையினரிடம் அழுத்திச் சொல்கிறேன். மனநலத் துறை நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: தோலைத் தொட்டுப் பாருங்கள். கன்னத்திலும் முதுகிலும் புதிதாக முளைத்த மெல்லிய பூனைமயிர், கொத்தாக உதிரும் தலைமுடி, விரலை விட்டு வாந்தி எடுப்பதால் விரல் முட்டிகளில் ஏறிய காய்ப்பு: அவள் மறைப்பதைத் தோல் சொல்லிவிடும். வாந்தியால் பொட்டாசியம் இறங்கியிருந்தால் ஆலோசனை பிறகு. முதலில் மருத்துவமனைப் படுக்கை.

சிகிச்சை பற்றி அமர்வுகளில் விரிவாகப் பேசுவீர்கள். சொறிவதை மாற்றும் பழக்கப் பயிற்சி 1973இல் அஸ்ரினும் நன்னும் வகுத்ததிலிருந்து வளர்ந்தது; செலவில்லாதது, செவிலியரே கற்றுத்தரலாம். அளவின்றி உண்டு வாந்தி எடுக்கும் புலிமியாவுக்கு ஃபேர்பர்னின் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை முறையும் ஃப்ளூவாக்ஸெடினும் உண்டு. இளம்பெண்களின் அனோரெக்சியாவில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே தருவது அது. நம்மூரில் பத்தியத்தைத் தொடங்கிவைத்ததும் அதே அம்மாதான். அவரைக் குற்றவாளியாக்கினால் மகளையும் இழந்துவிடுவோம். எதை விட வேண்டாம் என்று அவருக்கு நாம் தெளிவாகச் சொன்னதே இல்லையே!

ஆகவே மாலைக்குள் இந்த அவையிடம் எனக்கு ஒன்று வேண்டும்: தோல் பிரிவில் கேட்க வேண்டிய சில கேள்விகள், தமிழிலும் கன்னடத்திலும். “எதையெல்லாம் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள், யார் சொல்லி, எப்போதிலிருந்து?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். அவற்றின் சொற்களை ஈஜிபுராவின் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் திருத்திக்கொடுக்கட்டும். வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். முதல் அமர்வின் பேச்சாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.