ஸ்டியரிங் பூட்டு இறுகிவிட்டால்



தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கு வண்டி வந்துவிட்டால், அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமான வண்டியாக இருப்பதில்லை. பிரசவ வலி கண்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பரீட்சை நாளில் பஸ் தவறிவிட்டாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் எல்லாரும் தட்டுவார்கள். ஆகவே வண்டியைப் பற்றிய அறிவு, ஓட்டுகிறவருக்கு மட்டும் வேண்டிய அறிவு அன்று; குடும்பத்தார் எல்லாருக்கும் வேண்டியது. அந்த எண்ணத்துடன் இன்று ஒரு சிறிய பாகத்தைப் பற்றிப் பேசுவோம். அதுதான் ஸ்டியரிங் பூட்டு.

திரிங்காப்பில் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு தீபாவளிக்கு எங்கள் அக்காள் மகன் ஈப்போவிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டி வந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். லயத்துச் சரிவில் முன்சக்கரத்தை நன்றாகத் திருப்பி, கால்வாய்க் கரையில் முட்டக் கொடுத்து நிறுத்திவிட்டுத் தூங்கப் போனான். விடியற்காலையில் பாட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பையன் ஓடிப்போய்ச் சாவியைப் போட்டான். சாவி திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்கினான், அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் திருகினான். சாவி வளைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பக்கத்து லயத்துப் பெரியவரின் பழைய லேண்ட் ரோவர்தான் பாட்டியைக் கொண்டு சேர்த்தது. திரும்பி வந்த பெரியவர், "தம்பி, மாற்றுச் சாவி இருக்கா?" என்று கேட்டார். இடது கையால் ஸ்டியரிங்கை மெல்ல ஒரு பக்கம் அழுத்தினார். வலது கையால் சாவியை மெதுவாகத் திருப்பினார். திறந்துகொண்டது. "பூட்டு கெடலே தம்பி, பாரத்திலே மாட்டிக்கிட்டிருக்கு. நீ அதோட சண்டை போட்டே, நான் அதுக்கு வழி விட்டேன்" என்றார். பாட்டி நலமாக வீடு திரும்பினார். ஆனால் அன்று இழந்த அரைமணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

பெரியவர் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழே போகும் இரும்புத் தண்டில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். சாவியை எடுத்ததும், ஸ்பிரிங்கின் உந்துதலால் ஓர் எஃகு ஆணி வெளியே வந்து அந்தப் பள்ளத்தில் விழும். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போலத்தான். திருடன் கம்பிகளை இணைத்து எஞ்சினை ஓட்டினாலும், வண்டியைத் திருப்ப முடியாது. 1961-ஆம் ஆண்டிலேயே மேற்கு ஜெர்மனி இந்தப் பூட்டைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. நம் மலையில் காய்கறி மூட்டை சுமக்கும் லேண்ட் ரோவர்களிலும் 1971-இல் வெளிவந்த மூன்றாம் வரிசை வண்டிகளில் இந்தப் பூட்டு உண்டு. அதற்கு முந்திய வண்டிகளில் சாவித் துவாரம் எதிரே உள்ள பலகையில் இருந்தது.

சரிவில், சக்கரம் கரையில் முட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகிறது? சக்கரம் தண்டைத் திருகப் பார்க்கிறது. தண்டு ஆணியை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட ஆணி பின்வாங்க முடியாது. ஆகவே சாவியும் திரும்பாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்ல அழுத்திப் பார்த்தால், ஒரு பக்கம் சிறிது இடம் கொடுக்கும். அந்தப் பக்கம் பிடித்தபடியே சாவியைத் திருப்ப வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இதைச் செய்வது நல்லது. உலுக்குவதும், சுத்தியலால் தட்டுவதும், குறடால் சாவியைத் திருகுவதும் கூடவே கூடாது. சாவி உள்ளே முறிந்தால் சிறு தொல்லை பெருஞ்செலவாகிவிடும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சமதரையில், சக்கரம் நேராக இருக்கும்போதும் சாவி அடிக்கடி மாட்டிக்கொண்டால், அது பூட்டின் பழுது. எங்கள் அக்காள் மகனின் காரிலும் சில மாதங்களில் அதுவே நேர்ந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பகுதிகள் தேய்ந்திருந்தன. அவன் வாங்குமுன்பே தேய்ந்தவை அவை. பழைய காரின் பளபளப்பைப் பார்த்தவன், பூட்டைப் பார்க்கவில்லை.

பழுதின் அடையாளங்கள் மூன்று. சாவி நுழையும்போது சொரசொரப்பது ஒன்று. ஒரு நாள் திரும்பி, மறுநாள் அடம் பிடிப்பது இரண்டு. மூன்றாவதுதான் ஆபத்தானது: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி வெளியே வந்துவிடுவது. இந்த மூன்றாவது அடையாளத்தைக் கண்டால், பூட்டைச் சரிபார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

சாவி தேய்ந்திருந்தால், தேய்ந்ததைப் பார்த்து நகல் வெட்டுவதில் பயனில்லை. அதிகம் பயன்படுத்தாத மாற்றுச் சாவியைப் பார்த்து வெட்டவேண்டும். நம் மலையில் பனியும் ஈரமும் அதிகம். பூட்டு வறண்டு போனால் கிராஃபைட் பொடி சிறிதளவு போதும். கெட்டியான கிரீஸைத் திணித்தால் தூசி ஒட்டி, பூட்டு இன்னும் இறுகும்.

சிலர், "ஆணியை வெட்டி எறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பார்கள். அரைகுறையாக வெட்டிய துண்டு உள்ளே விழுந்து, ஓடும்போது தண்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பூட்டை முழுதாக மாற்றுவதே முறை. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடவேண்டும்.

இன்றைய புதிய கார்கள் பலவற்றில் சாவித் துவாரமே இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய மின்மோட்டார் ஆணியை இழுத்துக்கொள்ளும். அங்கே பேட்டரி பலவீனமாக இருந்தாலும் பூட்டு விடாது. ஆகவே பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த வண்டியும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற கோர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில், பூட்டு விடுபடாமலேயே வண்டி நகரக்கூடும் என்ற குறை காணப்பட்டது. 1997 முதல் 2004 வரையிலான மாடல் கார்களை அதைத் தயாரித்த நிறுவனமே 2004-இல் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது. இப்படி அழைப்பு வந்தால் அலட்சியம் செய்யக்கூடாது என்பதே நமக்குப் பாடம்.

சாவிக் கொத்தின் பாரமும் கவனிக்கத்தக்கது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. கொத்தின் பாரத்தாலோ குலுங்கலாலோ சாவி தானே நழுவி, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும் குறை அது. 124 உயிர்கள் போயின. பழுது பார்க்கும்வரை சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள் என்று அந்த நிறுவனம் சொன்னது. வீட்டுச் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி, சாமி படம் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடும் பழக்கம் நமக்கும் உண்டல்லவா?

நேயர்களே, இனிச் சொல்வதை மறந்துவிடாதீர்கள். கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் வரையிலும், தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரையிலும் நம் பாதைகளில் வளைவுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கை தவறிச் சாவி பூட்டும் நிலைக்குப் போய்விட்டால், அடுத்த வளைவில் ஆணி பள்ளத்தில் விழும், வண்டி திரும்பாது. அப்படிப் போகாவிட்டாலும் ஸ்டியரிங் கனத்துவிடும். சில தடவை மிதித்ததும் பிரேக்கும் இறுகிவிடும். இத்தனைக்கும் மிச்சமாவது ஒன்றுமில்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கினாலே பெட்ரோல் தானாக நின்றுவிடும். ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை வெளியே இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, பிரேக்கை ஒரே சீராக மிதித்து ஓரமாக நிறுத்துங்கள்.

வண்டியை நிறுத்தும்போது முதலில் கைபிரேக், பிறகு கியர், அதன்பின் சாவி என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சரிவில் சக்கரத்தைக் கரைப்பக்கம் திருப்புவது நல்ல பழக்கமே. ஆனால் வண்டியின் பாரத்தைக் கைபிரேக் தாங்கட்டும், பூட்டு தாங்க வேண்டாம். மாற்றுச் சாவியை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் வையுங்கள். அவசரம் எந்த வீட்டுக் கதவை எந்த நேரத்தில் தட்டும் என்று யார் கண்டார்கள்? அந்த நேரத்தில் சாவி ஒரே திருப்பில் திரும்பவேண்டும்.