நாரும் தாதுவும்



தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊரான நம் தேவாரத்துக்கு அறிவியல் புதிதல்ல. பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, இங்கே டீக்கடை பெஞ்சிலேயே துகள் இயற்பியல் நடந்தது. வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். விளக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஊர் என்பதால்தான் இன்று எலும்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஏன் எலும்பு? மலைச்சரிவின் ஏலத்தோட்டத்தில் பிழைக்கிறவனுக்கு வேறென்ன முதல்? பாசி பிடித்த பாறையில் கால் வழுக்குகிறது. மிளகுக்கொடி ஏறிய மரத்தில் சாத்திய ஏணி சரிகிறது. மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்கிறது. ஒரு கால் எலும்பு போனால் ஒரு வீட்டின் வருமானம் போகிறது.

ஒடிந்த எலும்பு பெரும்பாலும் தானே கூடிவிடும். நேராக்கி, அசையாமல் பிடித்து வைத்தால் போதும். மாவுக்கட்டும் பிளேட்டும் பிடித்து வைக்கத்தான். ஒட்ட வைப்பது உடம்பு. ஆனால் விபத்தில் ஒரு துண்டே சிதறிப் போனால்? சீழ் பிடித்து அரித்துவிட்டால்? கட்டியோடு சேர்த்து அறுத்தெடுக்க நேர்ந்தால்? இடைவெளி ஓர் அளவுக்கு மேல் போனால் எலும்பால் தானாக அதை இட்டு நிரப்ப முடியாது. அப்போது மருத்துவர் அதே நோயாளியின் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார். இன்றைக்கும் நம்பகமான வழி அதுதான். ஆனாலும் காலைச் சரிசெய்ய இடுப்பில் ஒரு புதுக் காயம். எடுக்கக் கிடைப்பதும் கொஞ்சம்தான்.

இதற்கு மாற்று உண்டா என்று தேடியவர்களில் இருவர் அமெரிக்காவின் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாண்டியும். 1993-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை திசுப் பொறியியல் என்ற துறையையே உலகம் கவனிக்க வைத்தது. அதன் கருத்து இதுதான்: உயிரணுக்கள் பற்றிக்கொள்ள ஒரு சட்டகம் கொடு, அவை வளரட்டும், வளர வளரச் சட்டகம் கரைந்து போகட்டும். கடைசியில் அங்கே மிஞ்ச வேண்டியது நோயாளியின் சொந்த எலும்பு மட்டும்தான்.

சரி, அந்தச் சட்டகத்தை எதனால் செய்வது? எலும்பையே கேட்போம். பிள்ளைகளே, ஒரு கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறப் போடுங்கள். தாது கரைந்துவிடும், எலும்பு ரப்பராக வளையும். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுடுங்கள். நார் எரிந்துவிடும், தொட்டால் பொடியாகும். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத நார். நார் வளைந்து கொடுக்கிறது. தாது தாங்கி நிற்கிறது. ஒன்றில்லாமல் மற்றது எலும்பாகாது.

அந்தக் கொலாஜன் முறுக்கிய மூன்று இழை என்று உலகுக்குச் சொன்னது எந்த ஊர் தெரியுமா? சென்னை! சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். எலும்பின் நாரைப் பற்றி உலகில் யார் பேசினாலும் கிண்டி வழியாகத்தான் வர வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்!

இப்போது அந்த நாரைப் போலவே செயற்கை நார் நூற்கிறார்கள். நூற்பாலைகள் நிறைந்த மாவட்டம் இது; ஆனால் இந்த நூற்புக்குக் கதிரில்லை, ராட்டையில்லை. கரைசலாக்கிய பாலிமரை ஊசிக்குழலில் அடைத்து, ஊசி முனையில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்த இழுப்பில் துளி கூம்பாகி, கூம்பின் நுனியிலிருந்து இழையாகப் பாய்கிறது. கரைப்பான் காற்றில் ஆவியாக, நார் மட்டும் எதிர்த் தகட்டில் விரிப்பாகப் படிகிறது. 1934-இலேயே ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் செயற்கை நூலுக்காக அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற உத்தி இது.

நார் எவ்வளவு மெல்லியது? போடி ஏலக்காய்ச் சந்தையில் எட்டு மில்லிமீட்டர் காய்க்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். 400 நானோமீட்டர் நார்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், அந்த ஒரு காயின் குறுக்களவுக்கு 20,000 நார் பிடிக்கும். உடம்பிலுள்ள கொலாஜன் நாரும் ஏறத்தாழ இந்தப் பருமன்தான். அதனால் எலும்பணுவுக்கு அது பழகிய இடமாகத் தெரிகிறது.

வெறும் பாலிமர் நார் போதாது. அது மெத்தென்று இருக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. வெறும் தாது நொறுங்கும். ஆகவே நாருக்குள்ளேயே ஹைட்ராக்ஸி அபடைட் என்ற எலும்புத் தாதுவை நுண்துகளாகக் கலந்து நூற்கிறார்கள். கலப்பு நானோநார் என்பது இதுதான். கோழி எலும்பு சொன்ன பாடத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

இங்கே நம் வேலியோரத்துச் செடி ஒன்று ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறது. பிரண்டை! எலும்பு முறிவுக்கு நம் பாட்டிமார் துவையல் அரைத்துக் கொடுத்த அதே பிரண்டை. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரோடு பிரண்டைச் சாறும் ஹைட்ராக்ஸி அபடைட்டும் கலந்து நானோநார் நூற்று, அதில் எலும்பணுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிர்ப்பொருள்களுக்கும் தனி ஆய்வு மையமே இருக்கிறது.

கை தட்டுகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அணுக்கள் வளர்ந்தது கண்ணாடிக் கிண்ணத்தில். மனிதக் காலில் அல்ல. கிண்ணத்துக்கும் காலுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. இப்படி நூற்ற விரிப்பில் துளைகள் மிகச் சிறியவை. அணுக்கள் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே ரத்தக்குழாய் போகாவிட்டால் புது எலும்பு பிழைக்காது. விரிப்போ மெல்லியது, மூட்டை சுமந்து இறக்கம் இறங்குகிறவரின் தொடையெலும்பில் விழும் பாரத்தை அது தாங்காது. கரைப்பான் மிச்சமிருந்தால் நஞ்சு. எலும்பு வளருமுன் கரைந்தாலும் தவறு, வளர்ந்த பின்னும் கரையாவிட்டாலும் தவறு. இத்தனையையும் விலங்குகளில் சோதித்து, பிறகு மனிதரில் சோதித்து, அனுமதி பெற்ற பின்தான் அது மருத்துவம். அதுவரை அது ஆராய்ச்சி.

அதனால் நாளைக்கே ‘நானோ பிரண்டைத் தைலம்’ என்று ஒருவன் பாட்டிலோடு வாசலில் நின்றால், “எந்த மருத்துவமனையில், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாய், முடிவு எங்கே?” என்று கேளுங்கள். பிரண்டை ஆய்வுக்கு வந்துவிட்டது என்பதற்காக, எலும்பு வெளியே தெரியும் காயத்தில் யாரும் பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள். அடிபட்ட இடத்தை இழுக்காதீர்கள், நீவாதீர்கள். கட்டையோ மடித்த பையோ வைத்து அசையாமல் தாங்குங்கள். இறுக்கிக் கட்டினால் ரத்தம் நின்று, எலும்பு முறிவோடு போக வேண்டியது காலையே எடுக்கும் நிலைக்குப் போகும். விரல் நுனி சில்லிட்டாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நானோநார் வரும்வரை உங்கள் காலைக் காப்பது இவைதான்.

பிள்ளைகளே, எஞ்சியிருக்கும் வேலை உங்களுடையது. நார் நூற்கத் தெரிந்த ஜவுளிப் பொறியாளர், தாது தெரிந்த வேதியியலாளர், உயிரணு தெரிந்த உயிரியலாளர், அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் என நாலு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். அதில் ஒரு நாற்காலி தேவாரத்துக்கு வேண்டும். கிண்டியில் நார் புரிந்துவிட்டது, ஆய்வுக்கூடத்தில் கலப்பும் கைகூடிவிட்டது என்றாலும் எனக்குப் போதாது. நம் மாவட்டத்து க.விலக்கு அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், காப்பீட்டு அட்டையை நீட்டுகிற ஏலத்தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கிற நாளில்தான் இந்த அறிவியல் முழுமையடைந்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். அதுவரை உழைக்க வேண்டியவர்கள் உழைக்கட்டும். நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம்.