மறைந்திருந்து காணுங் கலை

வேட்டைக்குப் புறப்படுபவன் துப்பாக்கிக்கு முன்னரே தேடிக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்றுண்டு. அதுதான் மறைவிடம். வன்னி நாட்டிலே கோடை முற்றிக் குளங்கள் வற்றுங்காலத்தில், எஞ்சிய மோட்டையின் கரையிற் குழி தோண்டித் தழைகளால் மூடி, அதனுள் இரவு முழுதும் அசையாது காத்திருப்பர் அக்கால வேட்டைக்காரர். தாகத்தால் வரும் மானுக்கு வேறு போக்கிடமில்லை. அந்த நிலையிற் சுடுவதை வீரமென்று சொல்வதற்கு நாக் கூசுகின்றது. எனினும், அக்குழியுள் இருந்தவனின் பொறுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அவன் கற்ற கலையே இன்று பறவை காண்போருக்குப் பயன்படுகின்றது.

இலங்கையிலே வேட்டை ஒரு காலத்தில் எல்லை கடந்திருந்தது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனக் கூறப்படுகின்றது; 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே இடி விழுந்து அவர் மாண்டார். பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. வேட்டைக்காரருக்கென ஒதுக்கப்பட்ட நிலமும் அடங்கிய யால 1938இல் தேசிய வனமாயிற்று. 1993ஆம் ஆண்டின் திருத்தத்தோடு, ஒருசில இனங்கள் நீங்கலாகப் பறவைகள் யாவும் பாதுகாப்புப் பெற்றன. எனவே, இந்நாளில் மறைவிடம் தேடுபவர் கையில் இருக்கத்தக்கவை தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியுமே.

இவ்வகையில் முன்னோடிகள் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கியேட்டன், செரி கியேட்டன் என்னும் சகோதரர். அவர்கள் பறவைகளைப் படமெடுப்பதற்காகப் பொய்யெருது ஒன்றைச் செய்து, அதன் வயிற்றினுள் ஒளிந்திருந்தனர். நமக்கு எருது வேண்டியதில்லை. நாலடி அகலமும் நாலடி நீளமும் ஐந்தடி உயரமுமுள்ள ஒரு துணிக்கூடாரம் போதும்.

அக்கூடாரத்தை எங்கே கொண்டு செல்வது? யாலவுக்கன்று, அங்கே குறித்த இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்குதலே ஆகாது. வெள்ளவத்தையில் வாழ்வோருக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேயே, 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் இருக்கின்றது. கொட்டாஞ்சேனையாருக்கோ வடக்கே களனி கங்கையின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே முத்துராஜவெல கிடக்கின்றது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு இத்தீவே பயணத்தின் முடிவு. அவை தங்கும் மாதங்களில் விடியற்காலை ஆறு மணிக்குச் சதுப்பின் ஓரத்தில் இருப்பவர் வீணே திரும்பார்.

கூடாரத் துணியை வாங்கும்போது கடைக்காரர் இலையும் கிளையும் அச்சிட்ட துணியை எடுத்துக் காட்டுவார். அதில் மயங்க வேண்டியதில்லை. பறவையின் கண் முதலிற் பிடிப்பது அசைவை. அடுத்து ஆளின் உருவரையை. மங்கிய மண்ணிறக் கித்தானே சாலும். ஆனால், அது காற்றிற் படபடவென்று அடிக்கலாகாது. கூடாரத்தின் உட்புறம் கருமையாக இருத்தல் நன்று. பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவினால், உள்ளிருப்பவர் நிழற்கூத்துப் பாவை போலத் தெரிவார். பார்க்கும் துளையோ சிறியதாக இருக்க வேண்டும். வெண்மையூட்டும் சவர்க்காரத் தூளால் அத்துணியைத் துவைத்தலும் தவறு. நமக்குப் புலப்படாத ஊதாக்கடந்த ஒளியையும் பறவைகள் காணவல்லன.

பையிலிருந்து எடுத்ததும் தானே விரியும் கூடாரங்கள் இப்போது விற்பனையாகின்றன. விரிப்பது எளிது; மீண்டும் மடித்துப் பையில் இடுவதே பெரும்பாடு. வீட்டிலே பத்துமுறை மடித்துப் பழகாதவர் அதனைச் சதுப்புக்குக் கொண்டு செல்லாதிருப்பதே மேல். அதனோடு வரும் குறுகிய முளைகள் சேற்றில் நில்லா. ஒன்றரை அடி நீளத்துக்கு மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம்.

இருக்கையைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. ஆயினும் மறைவிடம் தோற்பது பெரும்பாலும் இருக்கையினாலேயே. இடுப்பு நோகும், கால் மரக்கும், ஆள் நெளிவார், அந்த நெளிவோடு கொக்கு எழுந்து போய்விடும். சமமில்லாத தரையில் நாற்காலியினும் முக்காலி ஆடாது நிற்கும். ஆனால், அதன் கால்கள் சேற்றிற் புதையுமாதலால், கீழே ஒரு பலகைத் துண்டு இடுதல் வேண்டும். இருக்கையின் உயரம், நிமிர்ந்து இருக்கும்போது கண் தானே துளைக்கு நேராக வருமளவாக இருக்க வேண்டும்; குனிந்து பார்க்க நேர்ந்தால் அரைமணி நேரம் தாங்காது. மூட்டுகளுக்கு எண்ணெயிட்டுக் கிறீச்சொலியை நீக்கிக்கொள்வது முதல்நாள் இரவின் வேலை. சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி அமர்தல் நன்று. ஒன்பது மணிக்குப் பின் கொழும்பின் வெப்பத்தில் அக்கூடாரம் அடுப்பாகிவிடும்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. அத்திடிய சதுப்பின் அருகே இருப்பது இரத்மலானை விமான நிலையம். படையினரின் உடையை ஒத்த துணியினுள்ளே தொலைநோக்கியோடு ஒருவர் ஒளிந்திருந்தால், காண்பவர் பறவையை நினைக்கமாட்டார். போர் 2009இல் முடிந்துவிட்டபோதிலும், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டி விளக்கஞ் சொல்லும் அநுபவத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமா? மண்ணிறத் துணியை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வனவிலங்கு அதிகாரிகளிடம் கேட்டு, அப்பகுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவைத்துச் செல்வது அறிவுடைமை. விலங்குக்கு மறைந்திருத்தல் வேண்டும். அயலவருக்கு மறைந்திருத்தல் வேண்டியதில்லை.

கூடுகளின் அருகே மறைவிடம் அமைத்தலை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். துப்பாக்கி ஒரு பறவையைக் கொல்லும். கூட்டருகே நட்ட கூடாரமோ தாய்ப்பறவையை விரட்டி முட்டைகளனைத்தையும் வெயிலுக்கு விட்டுவிடக்கூடும். கொழும்புக் காகமும் சும்மா இராது. மனிதன் எங்கே போகிறான் என்று பார்த்திருந்து, அவன் வழிகாட்ட வந்து முட்டையைக் குடிக்கும். கபரகொய்யாவும் அத்தகையதே. நீர்க்கரையில் இரைதேடும் பறவைகளைக் காண்பதற்குக்கூடக் கூடாரத்தை ஒரேநாளில் நெருங்க வைத்தலாகாது. தொலைவில் நட்டு, நாளுக்குச் சிறிதாக முன்னகர்த்துவதே முறை.

பழைய படப்பிடிப்பாளர் கண்டறிந்த உபாயம் ஒன்றுமுண்டு. இருவராகக் கூடாரத்துக்குச் சென்று, ஒருவர் மட்டும் திரும்பிப் போதல். பறவைகளிற் பல, ஆள் போய்விட்டதென்று அமைதியடையும். திரும்பும் வேளையிலும் அந்நண்பரே வந்து அழைத்துச் செல்லல் வேண்டும். பறவை முன்னால் நிற்கும்போது கூடாரத்திலிருந்து திடீரென ஆள் முளைத்தால், மறுநாள் அக்கூடாரத்தின் பக்கம் அது தலைகாட்டாது.