தண்டனை முடிந்தபிறகும் எதற்கு இந்தக் கேஸ் கட்டு?



ஜமுனாமரத்தூர் மலையேறி, செம்மரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். யாரும் தலை குனிய வேண்டாம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் மலைக்காரர்களும் அதில் உண்டு. செத்தவர்களுக்காக நாடே பேசியது. ஆந்திரச் சிறையில் கிடந்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியவனுக்காக யார் பேசினார்கள்?

மரம் வெட்டியது குற்றம்தான், மறுக்கவில்லை. கோர்ட் சொன்ன வருஷத்தை அவன் உள்ளே இருந்து கழித்துவிட்டான். வெளியே வந்து வேலை கேட்டால் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொண்டுவா என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய கேஸ் முதல் ஆளாக அங்கே போய் நிற்கிறது!

விடுதலையானவன் கதையாவது தேவலையா? 2013 டிசம்பரில் அதே காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் இருநூறுக்கும் மேற்பட்டோரை விடுவித்தது. ஆனால் நம் காவலர் பணி விதி 14(பி) சொல்கிறது, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனும் வழக்கில் சம்பந்தப்பட்டவன்தானாம்! அப்புறம் நீதிபதி எதற்கு?

எம்.எல்.ஏ. ஒருவர் இரண்டு வருஷத் தண்டனை வாங்கினால், வெளியே வந்து ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. அவ்வளவுதான். ஆயுள் முழுக்கத் தடை போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. தடைக்கு ஒரு கால எல்லை வேண்டும், இல்லாவிட்டால் அது அளவுமீறிய கடுமை என்று 2025இல் பதில் மனு போட்டது யார்? ஒன்றிய அரசு! அந்த இரக்கம் மலை ஏறி வராதா? நாடாள வருகிறவருக்கு ஆறு வருஷத்தில் முடிகிறது. வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவனுக்கு முடிவே கிடையாது!

பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றமென்றால், கொடுங்குற்றம் நீங்கலாகப் பதிவை அழிக்கச் சொல்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பத்தொன்பதில் கோடாலி தூக்கியவனுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கிலாந்துக்காரன் 1974லேயே பெரியவர்களுக்கும் சட்டம் போட்டுவிட்டான்: குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தால் பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேயும் அப்படி ஒரு சட்டம் கேட்டால், பெண்களிடமும் குழந்தைகளிடமும் கொடுமை செய்தவனையும் மூடி மறைப்பதா என்று கேட்பார்கள். வேண்டாம், அந்த வழக்குகளைத் தள்ளி வையுங்கள். மற்றவற்றையும் எரிக்கச் சொல்லவில்லை, முத்திரை வைத்துப் பூட்டுங்கள். மறுபடி தப்பு செய்தால் கோர்ட் திறந்து பார்க்கட்டும். கம்பெனிக்காரன் எதற்குப் பார்க்க வேண்டும்?

விதி 14(பி)யைத் திருத்த டெல்லி போக வேண்டியதில்லை, சென்னைக் கோட்டையே போதும். பதிவுகளைப் பூட்டும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவரட்டும். ஓட்டுக் கேட்டு அடுத்து யார் இந்த மலை ஏறினாலும், இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் கீழே இறங்க விடாதீர்கள்!