என்.சி. சீட்டோடு திரும்பி வராதீர்கள்

(மும்பையில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து, நாளைக்குத் தண்ணீரும் பிடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

ஊரிலிருந்து ரயில் ஏறியபோது நாம் பெட்டி படுக்கையை மட்டும் கொண்டுவரவில்லை. சாதியையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தோம். சென்ற ஆண்டு குழாயடித் தகராறில் நம் சங்கத்து இளைஞர் ஒருவரைப் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள். அடித்தவர்களும் தமிழர்கள்தான். வெட்கத்தோடு சொல்கிறோம். காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, கடைசியில் ஓர் என்.சி. சீட்டைக் கையில் கொடுத்தார்கள். என்.சி. என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரிக்க முடியாத வழக்கு. சீட்டு பெட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். "சாதி சொல்லித் திட்டினார்களே" என்று கேட்டதற்கு, "உன் சர்டிபிகேட் தமிழ்நாட்டுடையது, இங்கே செல்லாது" என்றார் அதிகாரி.

இது எங்கிருந்து வந்த பேச்சு? ஒரு மாநிலத்துப் பட்டியலைக் காட்டி வேறு மாநிலத்தில் இடஒதுக்கீட்டுச் சலுகை பெற முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையே அடிதடி வழக்குக்கும் நீட்டிப் பார்த்தார்கள். சலுகை வேறு, அடி வேறு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது, குடிபெயர்ந்து போன இடத்திலும் உண்டு என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே கூறிவிட்டது. "செல்லாது" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சொன்னால் மட்டும் போதாது. நாம் தமிழில் அழுகிறோம், அவர்கள் மராத்தியில் எழுதுகிறார்கள். "ஷிவிகாள்" என்று ஒரே வார்த்தை, அதாவது வசவு. நம்மை எந்தப் பெயர் சொல்லி ஏசினார்களோ அந்தப் பெயர் காகிதத்தில் இராது. வழக்கின் உயிரே அந்தப் பெயரில்தான் இருக்கிறது! வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சொன்ன சொல், நின்றிருந்தவர்கள் யார் யார், எல்லாம் ஏறியிருந்தால்தான் கையெழுத்து. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்க வேண்டும்.

இதே மகாராஷ்டிரத்தில், பண்டாரா மாவட்டத்துக் கைர்லாஞ்சியை நாம் மறந்துவிடலாகாது. ஓர் அடிதடி வழக்கில் ஒரு தாயும் மகளும் துணிந்து சாட்சி சொன்னார்கள். அந்த வழக்கில் கைதானவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். 2006 செப்டம்பர் 29 அன்று தாய், மகள், இரண்டு மகன்கள், நால்வரும் கொல்லப்பட்டார்கள். 2008-இல் பண்டாரா நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆறு பேருக்குத் தூக்கு. 2010-இல் உயர் நீதிமன்றம் அதை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் இரண்டு நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. பழிவாங்கல், சாதியல்ல என்றார்கள். கொலை நிரூபணமாயிற்று, சாதி நிரூபணமாகவில்லை. தலித் குடும்பம் சாட்சி சொன்னதற்காகச் செத்தது என்பதில் சாதி இல்லையாம்!

ஆகவே சாட்சி சொல்ல அஞ்சுபவர்களை நாம் ஏசமாட்டோம். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி சாட்சிக்குப் பாதுகாப்பும், விசாரணைக்கு வந்துபோகும் பயணச் செலவும் உரிமை. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். விசாரணைக்குப் போகும் நாளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புப் படியும் விதியில் உண்டு. ஆனால் நாலு முறை போயும் வாய்தா என்று திருப்பி அனுப்பும் அலைச்சலுக்கு எந்தச் சட்டம் ஈடு கொடுக்கும்?

நம் இளைஞரின் புகாரைத் துணைக் கமிஷனர் வரை எழுத்தில் கொண்டுபோய், பிறகுதான் முறையான வழக்காகப் பதிவாயிற்று. விசாரணையும் தொடங்கிவிட்டது. நேரில் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் இட்லி விற்கும் நம் அக்கா. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடுவில் பாய்ந்து தடுத்தவர் அவர்தான். வருகிற செவ்வாய்க்கிழமை அவருடைய முறை. எதிர்த்தரப்பார் இரண்டு தடவை அவர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். அன்று அவருடன் கோர்ட்டுக்குப் போவது யார், அவருடைய இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவது யார் என்பதைக் கலைவதற்கு முன் பேசி முடித்துவிடுவோம்.