பீலிக்கு மேலே நிற்கும் மரங்கள்



மாசி மாதம் வந்தால் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் பல லயங்களில் பீலித் தண்ணீர் சிறுத்துவிடும். குடம் வைத்துக் காத்திருப்போர் வரிசை நீளும். அப்போதும் சில பீலிகள் மட்டும் வற்றாது. "மேலே காடு இருக்குது, அதான்" என்பார்கள் பெரியவர்கள். சரியான பேச்சுதான். ஆனால் மரம் தண்ணீரைச் சேர்த்து வைத்து நமக்குத் தருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மரம் பெரிய செலவாளி. வேர் 100 லீற்றர் உறிஞ்சினால் 95 லீற்றருக்கும் மேல் இலை வழியே ஆவியாகப் போய்விடும். மரம் தன் உடம்புக்கென்று எடுத்துக்கொள்வது சொற்பம்.

அந்தச் செலவில்தான் மரத்தின் வித்தையே இருக்கிறது. உறிஞ்சும் பம்பு ஒன்று கடல்மட்டத்தில் 10 மீற்றர் வரைதான் தண்ணீரைத் தூக்கும். காற்றழுத்தம் குறைந்த நுவரெலியாவில் எட்டு மீற்றரே பெரும்பாடு. அங்கே 40 மீற்றர் உயர டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? டப்ளின் நகரத்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் 1894இல் அதற்கு விடை சொன்னார்கள். இலைவாய் வழியே நீர் ஆவியாகும்போது, காழ்க்குழாய்க்குள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் மேலே இழுபடுகின்றன. அந்த இழுவை வேர்மயிர் வரை இறங்குகிறது. வெயில்தான் பம்பு, மரத்துக்கு எண்ணெய்ச் செலவு கிடையாது! பகலில் இழுவை மிஞ்சும்போது தண்டில் இருக்கும் நீரும் செலவாகி, மரம் மயிரிழையளவு மெலியும். இரவில் வேர் அதை ஈடுகட்டும்.

தேயிலையும் மரந்தான், கவ்வாத்துக் கத்திதான் அதைச் செடியாக வைத்திருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் இலையே இல்லாததால் செடி நீர் உறிஞ்சுவதும் ஏறத்தாழ நின்றுவிடும். பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். கிளைத்துண்டில் வளர்த்த வீ.பி. தேயிலைக்கு அது இல்லை. அதனால் வறட்சியில் முதலில் வாடுவது பெரும்பாலும் வீ.பி. மலைதான்.

இனி உச்சிக் காட்டுக்கு வருவோம். ஹோர்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல். அங்குள்ள மரங்கள் குட்டை, இலைகள் சிறியவை, கிளையெல்லாம் பாசி. மூடுபனி வந்து மோதும்போது இலையும் பாசியும் அதைத் துளியாக்கிச் சொட்டவிடும். மழைமானியில் பதியாத தண்ணீர் அது. மூடுபனிக்குள் இலை ஆவியாக்குவதும் குறைவு. வரவு கூடிச் செலவு குறைகிறது. மிச்சத்தைச் சருகு மக்கிய மண் வாங்கி மெல்ல விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அங்கே இருக்கிறது. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 1873இல், 5,000 அடிக்கு மேல் காட்டைத் தொடவேண்டாம் என்று அரசுக்கு எடுத்துரைத்தார். அதற்கு உத்தரவும் பிறந்தது. கோப்பிக்காகக் கீழ்ச்சரிவுகளை மொட்டையடித்த காலத்தில் வந்த புத்தி. இன்று அந்தச் சமவெளியிலேயே மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாவது சில பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

டர்பன்டைன் கதை வேறு. வேகமாக வளரும், அதே வேகத்தில் குடிக்கும். தென்னாபிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், இப்படி வியாபாரத்துக்கு மரம் வளர்ப்பதை ஓடைநீரைக் குறைக்கும் தொழில் என்றே வகைப்படுத்துகிறது. இங்கே பெக்டரி அடுப்புக்கும் வீட்டு அடுப்புக்கும் விறகு வேண்டும், அதை மறுக்க முடியாது. டர்பன்டைனை மேட்டு வரப்பில் நடலாம். ஊற்றுக்கண்ணை ஒட்டி நட்டுவிட்டு, மாசியில் பீலி காய்ந்தது என்று மழையைத் திட்டுவதில் நியாயமில்லை. ஊற்றைச் சுற்றி ஏற்கெனவே காட்டு மரங்கள் நின்றால், அங்கே புதிதாக எதையும் நட வேண்டியதில்லை. சருகைக் கூட்டாமல், விறகுக்குக் கழிக்காமல் விட்டாலே போதும்.